வெயிலில் கறுத்த திரை

பிள்ளைகளே, பெரியக்கா பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், "அம்மாட்டைக் கேளுங்கோ" என்று தப்பிவிடுவேன். எனக்கே விளங்கியிருக்கவில்லை. போன அறுவடையோடுதான் கொஞ்சம் விளங்கியது.

முரசுமோட்டை வீதியோரம் படங்கு விரித்து நெல் காயவிட்டிருந்தேன். மறுநாள் அக்கா தன் ஆராய்ச்சியை விரிவுரையாளர்கள் முன் செய்துகாட்ட வேண்டும். அதற்கு முதல் எனக்கு வீடியோவில் காட்டவேண்டுமாம். பயத்தில் அவள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா சொல்லியிருந்தார். அழைப்புத் தவறக் கூடாதென்று போனைக் கண்ணில் படும்படி படங்கின் மூலையிலேயே வைத்தேன். காற்றுக்குப் படங்கு எழும்பாமலும் இருக்கும் என்று ஒரு நினைப்பு.

போன் அடித்தது. எடுத்தால் கையைச் சுட்டது. திரை முழுக்கக் கறுப்பு. வழக்கமான இடத்தைத் தடவிப் பார்த்ததில் அவள் குரல் மட்டும் வந்தது.

"அப்பா, தெரியுதோ?"

இல்லையென்றால் இன்னும் பதறிப்போவாள்.

"ஓம் பிள்ளை, நல்ல வடிவாத் தெரியுது."

"என்ன நிறம்?"

"பச்சை."

"நான் இன்னும் கமராவையே திருப்பேல்லை. திரை கறுத்துப்போச்சுது போல. போனை எங்க வச்சனீங்கள்?"

"படங்கில."

"நெல்லோட சேத்துப் போனையும் காயவிட்டனீங்களோ!"

வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கனநாள்.

"தண்ணி கிண்ணி தெளிச்சுப்போடாதேங்கோ அப்பா. நிழல்ல வையுங்கோ. உங்கட திரைக்குள்ள இருக்கிறதும் நான் படிக்கிற திரவப் படிகந்தான். தண்ணி மாதிரி ஓடும், ஆனா எல்லாம் ஒரே பக்கம் பாத்து ஒழுங்கா நிக்கும். சூடு கூடினா அந்த ஒழுங்கு குழம்பிப்போம். ஆறினா திரும்பி வரும்."

வேம்பின் கீழே குந்தியிருந்தேன். கறுப்பு ஓரத்திலிருந்து மெல்ல விலகியது. முதலில் அவளுடைய நெற்றி, பிறகு முகம்.

கமராவை நுணுக்குக்காட்டியின் பக்கம் திருப்பினாள். ஒரே ஒரு துளி. அதற்குள் மஞ்சளும் சிவப்பும் வரிவரியாய் ஓடின.

"இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நனோத் துகள் கலந்திருக்கு. பூச்சிமருந்து கலந்த தண்ணி பட்டா நிறம் மாறும். இதைச் சின்னக் கருவியாக்கிப் போனோட பொருத்தினா, எங்கட கிணத்துத் தண்ணியை வீட்டிலயே சோதிக்கலாம். இப்ப அந்தத் தண்ணி ஒரு சொட்டு விடுறன், பாருங்கோ... என்ன நிறம்?"

"நீலம்."

"உண்மையாவோ?"

"சத்தியமா, குஞ்சு."



"நாளைக்கும் மாறுமோ அப்பா?"

"மாறும். நீ முதல் போய்ச் சாப்பிடு."

"சாப்பிடுறன். நீங்கள் போனை வெயில்ல வையாதேங்கோ."

அவள் வைத்த பிறகு, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துப் போனைச் சுற்றி, வேம்பின் வேரிடுக்கில் வைத்தேன். வெறும் தலையோடு நெல் கிளறப் போனேன்.