நேரத்துக்குக் கிளம்பும் அக்கா

தேநீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் கொட்டிக்கொண்டே காலணிக்குள் பாதத்தை நுழைக்கிறார். ஒரு கை சட்டைப் பொத்தானைப் போடுகிறது, இன்னொரு கை அடுப்பின் குமிழைத் திருகிப் பார்க்கிறது. “முழுசாக் குடிச்சிட்டுத்தான் போங்களேன் அக்கா” என்றால், “குடிச்சிட்டு? பஸ் எனக்காக நிக்குமா?” என்பார். அந்தப் பஸ்ஸை ஓட்டுவதே அவர்தான். அவர் வராமல் அது பணிமனையை விட்டு நகராது. இதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறி முறைத்துவிட்டுப் படியிறங்கினார்.

ஆசிரியர் பயிற்சியின் கடைசிக் கட்டத்துக்காக நான் வெளிநாடு வந்தபோது, நம் மொழி பேசும் வீடாகப் பார்த்துக் கல்லூரி என்னைத் தங்க வைத்த இடம் அது. ஆண்டுதோறும் ஒரு பயிற்சி ஆசிரியர் அங்கே வந்து தங்கிப் போவது வழக்கம். முதல் நாள் வாசலில் நின்று “ஆன்ட்டி” என்றேன். “அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே, பக்கத்து வீட்டுல கேட்டுப் பாரு” என்று கதவைப் பாதி சாத்தினார். “அக்கா” என்றதும் முழுதாகத் திறந்தது. அவருடைய கணவர் மாமா ஆனதும், நான் ‘வாத்தி’ ஆனதும் அதே வாசலில்தான்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. தலைமுடியை இறுக்கி முடிந்திருப்பதில் புருவமே சற்று மேலேறித் தெரியும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் முதுகு சாய்வில் படாது. நிறுத்தத்தை நோக்கி யாராவது மூச்சிரைக்க ஓடி வருவது கண்ணாடியில் தெரியும். கதவு மூடிக்கொள்ளும். “ஓடி வர்றவருக்காக நின்னா, உள்ள உக்காந்திருக்கவர் அடுத்த பஸ்ஸுக்கு ஓடணும்” என்பது அவர் கட்சி.

அந்தப் பேருந்தில் ஒரு வசதி உண்டு. பொத்தானை அழுத்தினால் வாசல் இருக்கும் பக்கம் மட்டும் நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டு, நடைபாதை மட்டத்துக்குத் தாழ்ந்து நிற்கும். வயதானவர்களுக்கும், ஊன்றுகோலோடு வருபவர்களுக்கும், குழந்தை வண்டி தள்ளி வருபவர்களுக்கும் அக்கா கேட்காமலே அழுத்துவார். மற்றவர்களுக்குக் கேட்டாலும் கிடையாது. மூன்று பெட்டிகளோடு நின்ற ஒரு இளைஞன் கெஞ்சியபோது நான் முன் இருக்கையில் இருந்தேன். “கை கால் எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு? தூக்கி வச்சு ஏறுங்க.” வகுப்புக்கான அட்டைப் பெட்டியோடு நான் ஏறிய நாளிலும் அதே நியாயம்தான். பேருந்து அசையவில்லை. அக்காவும் என் பக்கம் திரும்பவில்லை.

வண்டியில் அவர் யாருக்கும் அக்கா இல்லை. முதல் நாள் ஏறும்போது சிரித்தேன். “டிக்கெட்டைக் காட்டுங்க” என்றார், ‘ங்க’ போட்டு. மாலையில் விளக்கம் வந்தது: “இன்னைக்கு உன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன்னு வை, நாளைக்கு ஓடி வர்றவன் எல்லாம் எனக்குத் தம்பி ஆயிடுவான்.”

அவசரம் வண்டியோடு நிற்பதில்லை. நான் பேசத் தயங்குபவன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு நடுவில் நின்று யோசிப்பேன். அதற்குள் அக்கா மறுபாதியைச் சொல்லி முடித்திருப்பார், பெரும்பாலும் சரியாக. “அக்கா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல…” “கூட்டம், வர லேட்டாகும், சாப்பாடு மூடி வைக்கணும். சரி.” எனக்கு அது வசதியாகவே இருந்தது. யாராவது முடித்துக் கொடுத்தால் போதும் என்று பாதி வாக்கியங்களோடு வாழ்ந்துவந்தேன்.

மாமாவுக்குத்தான் அது வசதியாக இல்லை.

மாமா காய்கறிச் சந்தையில் ஏலம் கூறியவர். வாயே அவருக்குத் தொழில். மூட்டைமேல் ஏறி நின்று “ஒரு தரம்… ரெண்டு தரம்…” என்று கூறிவிட்டு, மூன்றாவதைச் சொல்லாமல் இழுத்து இழுத்துக் கூட்டத்தைத் தவிக்கவிடுவாராம். நான் வருவதற்கு முந்தைய வருடம் மூளையில் ரத்தக்குழாய் ஒன்று அடைத்தது. வலது கையும் சொற்களும் போயின. கேட்பதெல்லாம் புரியும். சொல்ல வருவது தொண்டைவரை வந்து நின்றுவிடும். பேச்சுப் பயிற்சி தர வந்த பெண், “வார்த்தையை அவரே தேடட்டும், நீங்க கொஞ்சம்…” என்று ஆரம்பித்தாராம். “பொறுமையா இருக்கணும், தெரியும்” என்று அக்கா முடித்தாராம். இதை அக்காவே என்னிடம் சொன்னார். சிரிக்கவில்லை.

நாற்பது குழந்தைகளுக்கு முன்னால் நிற்க எனக்குப் பயம். அதனால் மறுநாள் பாடத்தை முந்தின மாலையே சமையலறையில் நடத்திப் பார்ப்பேன். ரொட்டி டப்பாவின்மீது சாய்த்த சிறு வெள்ளைப் பலகை. மாணவர் மாமா ஒருவர்தான். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு சீவுவார். வாய்ப்பாடு எடுத்த மாலையில், மாமா உற்றுப் பார்க்கும் கூச்சத்தில், எட்டேழு ஐம்பத்துநாலு என்று எழுதிவிட்டேன். நாற்காலி கிறீச்சிட்டது.

“த… தப்பு!”

அக்காவின் கையிலிருந்து கத்தி நழுவித் தொட்டியில் விழுந்தது. திரும்பாமல் அப்படியே நின்றார். மாமா இடது கையால் மேசையைத் தட்டினார். “தப்பு. தப்பு வாத்தி. ஆறு. அம்பத்… ஆறு.”

அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் வேண்டுமென்றே தப்பு செய்தேன். நிலா சூரியனைவிடப் பெரியது என்றேன். மழை கீழிருந்து மேலே பெய்யும் என்றேன். தேடித் தேடி மாமா என்னைத் திருத்தினார். ஒரு சொல்லுக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் தெருவில் ஒரு வண்டி வந்து நின்று ஆள் இறங்கிப் போய்விடும். எனக்கு அது நீளமாகத் தெரியவில்லை. நானும் அதே வேகத்தில் பேசுபவன்தான். அக்கா மட்டும் கிழங்கை வேகவேகமாகச் சீவுவார், சொல்ல வந்த பதிலையெல்லாம் அதன்மேல் காட்டுவதுபோல. வகுப்பு முடிந்ததற்கு அடையாளமாக மாமா “ஒரு… தரம். ரெண்டு… தரம்” என்பார். அவர் மூன்றாவதைத் தொடும் முன்பே அக்கா, “மூணு தரம், முடிஞ்சுது, கை கழுவிட்டு வாங்க ரெண்டு பேரும்” என்று தட்டை வைத்துவிடுவார்.

பயிற்சி முடிகிற வாரத்தில், மாமா தூங்கிய மதியம் ஒன்றில், அக்கா என்னை மாடிப்படிக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார். அவரும் உட்கார்ந்தார். அவர் படியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“நீ ஊருக்குப் போறதை அவர்கிட்டச் சொல்ல வேணாம்.”

“ஏன் அக்கா?”

“உடம்புக்கு வந்தப்புறம், சந்தைச் சிநேகிதர் ஒருத்தர் தினம் வந்து அவரோட உக்காந்துட்டுப் போவார். ஒண்ணு ரெண்டு வார்த்தை வர ஆரம்பிச்சுது. வேற ஊருக்குக் குடி போறேன்னு சொல்லி, கையப் பிடிச்சு அழுதுட்டுப் போனார். அன்னைக்கு மூடின வாய் வாத்தி. நீ கணக்கைத் தப்பாப் போட்டப்பதான் திறந்துச்சு.” விரலால் படியின் சிமென்ட்டைச் சுரண்டினார். “திரும்ப மூடிடுச்சுன்னா? எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், சமைக்கத் தெரியும். தப்பு பண்ண வராதே.”

வேடிக்கையாகச் சொல்லவில்லை. சாலை விதியைச் சொல்லும் குரலிலேயே சொன்னார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். “பள்ளிக்கூடச் சுற்றுலான்னு சொல்லிடறேன். திங்கக்கிழமை வந்துடுவேன்னு. அப்புறம் பார்த்துக்கலாம்” என்று என் வாக்கியத்தை அவர் முடித்தார். நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஆனாலும் தலையாட்டினேன்.

கிளம்பும் நாளன்று அக்காவுக்கு மதிய வேலை. மாமா குளிக்கும்போது என் பெரிய பெட்டியைத் திருடர்கள்போல இருவரும் தூக்கிப்போய்க் கீழே மாடிப்படிக்கு அடியில் வைத்தோம். மேலே ஒரு தோள்பை மட்டும், சுற்றுலாவுக்குப் பொருத்தமாக. அக்கா சுற்றுலாவை வர்ணித்தார். ஏரி, படகு, பிள்ளைகள் கத்தும் சத்தம். நேரில் பார்த்து வந்தவர்போலச் சொன்னார். மாமா ரொட்டியை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். பார்வை அக்காவைத் தாண்டி எங்கோ இருந்தது.

அந்தப் பார்வை போன பக்கம் நானும் பார்த்தேன். பால்கனிக் கொடியில், மாமாவின் நாற்காலிக்கு நேர் எதிரே, என் அறையின் போர்வை, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தன. தங்கியவர் போன பிறகு திரைச்சீலைவரை கழற்றித் துவைப்பது அந்த வீட்டின் வழக்கம். நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அக்கா அதைக் காலையிலேயே செய்துவிட்டார். மூன்று நாளில் திரும்புகிறவனின் திரைச்சீலையை யாரும் கழற்ற மாட்டார்கள். கொடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“போகலாமா? நேரமாச்சு” என்றார் அக்கா. அவர் இன்னும் கொடியைப் பார்க்கவில்லை.

மாமா இடது கையை மேசையில் ஊன்றி எழுந்து நின்றார். தோள்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஒரு… தரம்.”

அக்காவின் கை கதவுப் பிடியில் இருந்தது. வகுப்பு எதுவும் நடக்கவில்லை. பலகைகூட வெளியே இல்லை. அப்போதுதான் அவர் தலை பால்கனிப் பக்கம் திரும்பியது.

“ரெண்டு… தரம்.”

சந்தையில் செய்ததுபோல மாமா கையை உயர்த்தினார், அடித்து முடிக்கப் போகிறவராக. உயர்த்திய கை காற்றிலேயே நின்றது. உதடுகள் இறுக மூடியிருந்தன. சொல் கிடைக்காததால் அல்ல. அது கையில் இருந்தது, விடவில்லை. அக்கா வாயைத் திறந்தார். மூன்றாவது தரம் அவர் நாக்கில் வந்து நின்றதை நான் பார்த்தேன். மூடிக்கொண்டார். மாமா கையை மெல்ல இறக்கி என் தலையில் ஒருமுறை வைத்து எடுத்தார்.

பணிமனைவரை நடந்தே போனோம். பெட்டிச் சக்கரம் மட்டும் நடைபாதை ஓடுகளில் தடதடத்தது. அக்கா உள்ளே போக, வாசலில் இருக்கும் முதல் நிறுத்தத்தில் நின்றேன். பேருந்து வந்தது. கதவு திறந்தது. பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மேலே ஏற்றினேன். “டிக்கெட்டைக் காட்டுங்க.” காட்டினேன். முன் இருக்கையில் உட்கார்ந்தேன்.

இரண்டு நிறுத்தம் தாண்டிச் சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அக்கா சாலையைப் பார்த்தபடியே பேசினார். வண்டிக்குள் அவர் என்னிடம் டிக்கெட்டைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

“துணியைக் காயப்போட்டது நான்தான்.”

“ஆமா அக்கா.”

“தெரிஞ்சுதான் ஏரிக்கதைய முழுசாக் கேட்டார்.” கண்ணாடியைச் சற்றுத் திருப்பினார். “எட்டேழு அம்பத்திநாலுன்னு சொன்னா போதுமா?”

“அதை ஏற்கெனவே சொல்லியாச்சு. வேற சொல்லணும்.”

“ஒன்பதாறு… அறுபது?”

“நல்ல தப்பு அக்கா. ஆனா சொன்னதும், அவர் பதில் சொல்ற வரைக்கும் நீங்க…”

“சும்மா இருக்கணும். தெரியும்.”

சொல்லிவிட்டு உறைந்தார். கண்ணாடியில் எங்கள் கண்கள் சந்தித்தன. விளக்கு பச்சையானது. பின்னால் ஒரு கார் ஒலி எழுப்பியது. அக்கா ஒரு கணம் தாமதித்தே வண்டியை எடுத்தார்.

ரயில் நிலைய நிறுத்தம் பாதை முடிகிற இடமல்ல, நடுவில் வருவது. அங்கே அவர் கதவைத் திறந்ததும் மூடிவிடுவார். நான் பெட்டியோடு வாசலுக்கு வந்து, தூக்குவதற்காகக் குனிந்தேன். கால்களுக்குக் கீழே தளம் அசைந்தது. நீளமான பெருமூச்சோடு பேருந்து என் பக்கம் சாய்ந்து, நடைபாதை மட்டத்துக்குத் தாழ்ந்து நின்றது. நிறுத்தத்தில் வயதானவர் எவரும் இல்லை. குழந்தை வண்டியும் இல்லை. பெட்டியை உருட்டிக்கொண்டே இறங்கினேன்.

இறங்கித் திரும்பினேன்.

“அக்கா, மாமாவை…” என்றேன். அதற்குமேல் வரவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் மீதி வந்துவிடும். நான் காத்திருந்தேன். வரவில்லை. அக்கா முழு உடம்பையும் வாசல் பக்கம் திருப்பி, இறுக்கிய முடிக்குக் கீழே புருவம் உயர, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முனையிலிருந்து கைப்பையைப் பிடித்தபடி ஓடி வந்த ஒரு பெண், மூடாத கதவை நம்ப முடியாமல் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்.

“டிரைவர், போகலாமா?” என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டார்.

அக்கா திரும்பவில்லை. கதவுப் பொத்தானின்மேல் இருந்த கையை எடுத்து, உள்ளங்கை தெரிய, பின்னால் குரல் வந்த திசை நோக்கி உயர்த்திப் பிடித்தார். கண்கள் என் வாயின்மீதே இருந்தன. கை இறங்கவில்லை.