வளைகாப்பு அன்று பார்த்த பிரஷர்

அண்ணாமலையாரை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாளாக நினைப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் எனக்கு. எண்பத்திரண்டாம் வருஷம் என் மகள் செல்வி முழுகாமல் இருந்தபோது அந்தப் பயம் என்னைத் தின்றது. தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. அவள் இருமினால் பயம், கால் வீங்கினால் பயம்.

"புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்காம உன் மூஞ்சியா வீங்கும்? வேற வேலையப் பாரு" என்பார் என் வீட்டுக்காரர்.

எனக்கே என்மேல் அலுத்துவிட்டது. ஒரு பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வந்து சந்நிதியில் நின்று, "சாமி, இந்தப் பயத்த எடுத்துடு, என்னால முடியல" என்று அழுதேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

பயம் போகவில்லை. ஜாஸ்திதான் ஆனது.

மாசி மாதம் வேங்கிக்காலில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். செல்வியை மணையில் உட்காரவைத்து வளையல் போட்டோம். அவள் அளவு பார்த்து வாங்கியதுதான், ஏறவில்லை. சோப்பு தடவித் தள்ளியதில் இரண்டு உடைந்தன.

"மருமவ சதை போட்டுட்டா. எங்க வீட்டு சாப்பாடு அப்படி" என்றார் சம்பந்தியம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அவள் விரலைப் பார்த்தேன். மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. முகமும் உப்பியிருந்தது. "காலைலேர்ந்து தலை விண்ணு விண்ணுனு இடிக்குதும்மா. கண்ணு முன்னால பூச்சி பறக்குது" என்று என் காதில் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"பாதி வளையலோட எழுப்புவாங்களா? அபசகுனமா பேசாதீங்க சம்பந்தி" என்றார் அந்த அம்மா.

"அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க. இவளுக்குத்தான் பைத்தியம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா, பைத்தியந்தான். வண்டியக் கூப்புடுங்க" என்று கத்தினேன். பயம் மட்டும் இல்லையென்றால் அத்தனை பேர் நடுவில் எனக்கு ஏது அந்த வாய்?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா செல்வியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். காதில் குழாயை வைத்துக்கொண்டு, பாதரசம் இறங்குவதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் சும்மா இருக்கவிட்டு மறுபடியும் அளந்தார். இரண்டு தடவையும் நூற்று எழுபதுக்குக் கம்மியில்லை.

"கால் வீங்குறது சகஜம். கையும் முகமும் வீங்கித் தலையும் இடிச்சா சும்மா விடக் கூடாதும்மா. இன்னும் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். ரெண்டு உசுருக்கும் ஆபத்து" என்றார். ரத்தக் கொதிப்பு ஆளைப் பார்த்தால் தெரியாதாம். அளந்தால்தான் தெரியுமாம்.

படுக்கவைத்து ஊசி போட்டார்கள். மறுபடி மறுபடி அளந்தார்கள். நான் வராந்தாவில் வெறுந்தரையில் கிடந்தேன். வேண்டிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. "அண்ணாமலையாரே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

நாள் ஆவதற்கு முன்பே குழந்தை பிறந்தது. பூனைக்குட்டி போல ஒரு பெண். அழுதது. செல்வி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மீதி வளையல அப்புறமா போட்டுக்கலாம் சம்பந்தி" என்றார். இருவரும் அழுதோம்.

பயத்தை எடு என்றுதான் கேட்டேன். அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நானும் சிரித்துக்கொண்டே வளையலைத் தள்ளியிருப்பேன். அவர் செய்த உதவி அதுதான்.

இப்போது பேத்திக்கு நான்கு வயது. எனக்கும் பிரஷர் இருப்பது பிற்பாடு தெரிந்தது. மாத்திரை போடுகிறேன், உப்பைக் கம்மி செய்துவிட்டேன். அலுப்பு மட்டும் தீர்ந்தபாடில்லை. ஆனாலும் தெருவில் யார் முழுகாமல் இருந்தாலும் நானே கூட்டிப்போய் பிரஷர் பார்க்க வைக்கிறேன்.

நம்புங்கள். நம்பிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். கும்பிட நேரமில்லையே என்று கவலை வேண்டாம், வண்டியில் போகும்போதே கும்பிட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் மலை எங்கிருந்தும் தெரியும்.