பிரயாணிகளுக்கான ஜெபத்தில் என் அப்பா

கோயிலுக்குள் நுழைந்தால் நீங்கள் எந்தப் பக்கம் உட்காருவீர்கள்? ரங்கூனில் எங்கள் லுத்தரன் கோயிலில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. குடும்பம் குடும்பமாக ஒரே பெஞ்சு. ராயபுரத்துக்கு வந்த முதல் ஞாயிறு, கண்ணில் பட்ட பாயில் ஜம்மென்று உட்கார்ந்தேன். ஓர் அம்மாள் முழங்கையால் இடித்தார்.

"இன்னாபா, பொம்பளைங்க பக்கம் குந்திகினு கீறே? அந்தாண்ட போ நைனா."

காலேஜ் படித்த பையன், பாய் பாயாகத் தாண்டி ஓடினேன். ஞானப்பாட்டுகள் அதேதான், ஆனால் இங்கே இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். நான் மட்டும் முந்தி முடித்துவிட்டு அசடு வழிய நிற்பேன். ரங்கூனில் என்னோடு சேர்ந்து முந்துவதற்கு அப்பா இருந்தார். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஜப்பான்காரன் குண்டு விழ ஆரம்பித்தபோது கிடைத்தது ஒரே ஒரு கப்பல் சீட்டு. "நீ போ, நான் அடுத்த கப்பல்ல வர்றேன்" என்று என்னை ஏற்றிவிட்டார். அடுத்த கப்பல் வரவேயில்லை.

இங்கே ஞாயிறுதோறும் பொது ஜெபத்தில் போதகர் பிரயாணிகளின் பெயரைச் சொல்லி வேண்டுவார், ஒவ்வொரு பெயருக்கும் சபையார் பதில் சொல்வார்கள். அப்பாவின் பெயரையும் கொடுத்தேன். இரண்டாவது மழைக்காலமும் வந்துவிட்டது. துறைமுகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தோஸ்து கிண்டலடிப்பான்: "இன்னா மாமு, உங்க நைனா இன்னும் ஒலகத்த சுத்திகினே கீறாரா?" நானும் சிரித்துவைப்பேன்.

சபை வருஷத்தின் கடைசி ஞாயிறன்று, மரித்தவர்களின் பெயரை வாசித்து, பெயருக்கு ஒரு தரம் மணி அடிப்பது வழக்கம். அதற்காகப் போன வாரம், போதகருக்கு உதவியாகப் பெயர்ப் பட்டியல்களை எழுதும் உபதேசியார் என் அறைக்கே வந்தார்.

"தம்பி, அப்பா பேர இதுல சேத்துடலாமா? மணி அட்ச்சிட்டா மனசு ஆறும். இப்டியே வெச்சிகினு இருந்தா உனக்குத்தான் பேஜாரு."

"அவர் செத்ததை யார் பார்த்தா?"

"வந்தத யாருபா பாத்தாங்க?"

முடியாது என்று மட்டும் சொன்னேன்.

நேற்றுதான் அந்த ஞாயிறு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு விரலை மடக்கினேன். அப்பாவின் பெயர் வரவில்லை, மூச்சு வந்தது. பிறகு பொது ஜெபம். பிரயாணிகளிலும் அப்பா இல்லை. எதற்கு வம்பு என்று உபதேசியார் இரண்டிலுமே விட்டுவிட்டார் போலிருக்கிறது. எங்கள் ஆராதனையில் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடிதான். நடுவில் யாரும் வாய் திறப்பதில்லை. நான் எழுந்து நின்று அப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். "கர்த்தாவே, கேட்டருளும்" என்று பெண்கள் பக்கம் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது. நான் நின்ற ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்கூட வரவில்லை.

இப்போது கீழே தெருவில் நின்று உபதேசியார் என்னைக் கூப்பிடுகிறார். 'பிரயாணிகள்' என்று தலைப்புப் போட்டு, அப்பாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு படியிறங்குகிறேன்.