சாத்திய கதவுக்காக டாவோஸ் போய் வந்தேன்

முதலில் பிள்ளைகளின் சங்கதி. அதைச் சொல்லாமல் எனக்கு எழுத்து ஓடாது. மகன் சுதனின் மூத்தவள் சாம்பவி, பிரசவம் பார்க்கிற மருத்துவமாதுப் படிப்பை முடித்து வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்த பிள்ளை ஒரு டாக்குத்தரின் மகள் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டாவது நிரோஜன், இங்கே சுவிஸில், பீல் நகரத்தில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் நாலு வருடம் தொழில் பழகி, கடைசிச் சோதனையில் ஆறுக்கு ஐந்தரை எடுத்தான். கடைக்குட்டி லக்சிகா கிம்னாசியம் என்கிற மேல்பள்ளிக்கான நுழைவுச் சோதனையில் பாஸ், நீச்சலில் வெண்கலம். கனடாவில் மகள் வாசுகியின் பிள்ளைகள் இரண்டு பேரும் பியானோவில் ஐந்தாம் தரம். நானும் ஐந்தாம் தரம்தான், ஆனால் பள்ளிக்கூடத்தில். அதற்கு மேல் தம்பிமாரைப் பார்க்க ஆள் வேண்டும் என்று வீட்டில் மறித்துவிட்டார்கள்.

இந்த இணையப் பக்கத்தைத் தொடங்கித் தந்தவனும் என் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறவனும் நிரோஜன். என்னைப் போலத் தனியாக இருந்து தனியாக ரயில் ஏறுகிற பெண்கள்தான் இதை வாசிக்கிறவர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். இது போன செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை, பீலிலிருந்து டாவோஸ் போய் அன்றைக்கே திரும்பிய கதை.

சாம்பவி இப்போது இரண்டு வருடமாக வன்னியில் வேலை செய்கிறாள். அங்கே சண்டை முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தால், எத்தனை பிள்ளை போதும் என்ற கேள்விக்குப் புருசன் பதில் சொல்வாராம். எங்கே நோகிறது என்றால் மாமியார் பதில் சொல்வாராம். சண்டையில் புருசனை இழந்தவர்கள் அந்தப் பக்கம் வரவே கூச்சப்படுவார்கள். "புருசனில்லாதவளுக்கு அங்க என்ன வேலை?" என்று ஊர் கேட்கும். அதனால் சாம்பவியும் அங்குள்ள மருத்துவமாதுகளும் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார்கள். ஆராக இருந்தாலும் பெண் முதலில் தனியே உள்ளே வரவேண்டும். பத்து நிமிடம் கதவு சாத்தியிருக்கும். புருசன்மார் கோபித்துக்கொண்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்களாம்.

"வெளியில அவையளுக்கும் ஒரு வேலை குடு பிள்ளை. பிரஷர் பார், சீனி பார். தங்களையும் ஒராள் கவனிக்குது எண்டால் இருப்பினம்" என்று போனில் சும்மா சொன்னேன். செய்து பார்த்தார்களாம். இப்போது வெளியே நீள வாங்கில் வரிசையாகக் குந்தியிருந்து கையை நீட்டுகிறார்களாம். இது என் யோசனை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

இந்த வேலையைப் பற்றிப் பேசத்தான் டாவோஸில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றே நாள், பிறகு திரும்பிவிடுவாள். வருவதற்கு முதல் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அப்பம்மா, உங்கட கதையைச் சொல்லட்டோ? பேர் சொல்லமாட்டன்."

"பேர் சொல்லாட்டில் கொப்பருக்கு விளங்காதோ? டாவோஸ், டாக்குத்தர், பன்னெண்டு வயதுப் பெடியன். வேற ஆரெண்டு நினைப்பான்?"

"அப்பா அங்க வரமாட்டார்."

"இப்ப எல்லாத்தையும் வீடியோ எடுத்துப் போடுகினம். வேண்டாம்."

அவளுக்கு மட்டும் ஒருமுறை சொன்ன அந்தக் கதை என்னவென்று இடம் வரும்போது சொல்கிறேன். வேண்டாம் என்று சொன்ன பிறகு எனக்கு நித்திரை சரியில்லை. அவளைப் பார்க்கவாவது போவோம் என்று, சுதனுக்குச் சொல்லாமல் ரிக்கற் எடுத்தேன்.

பயண விபரம். அரைக்கட்டண அட்டை வைத்திருந்தால் முழுநாள் ரிக்கற்றை முன்கூட்டி எடுங்கள். நான் பதினாறு நாளைக்கு முதல் எடுத்தேன், 44 பிராங். போகவர நிரோஜன் பார்த்துச் சொன்ன தூரம் ஏறக்குறைய 520 கிலோமீற்றர். பீலில் காலை 6.46 ரயில், சூரிச்சில் மாறி, லாண்ட்குவார்ட்டில் இன்னொருமுறை மாறி, டாவோஸ் பிளாட்சில் இறங்கும்போது 10.55. சூரிச்சில் நாற்பது நிமிடம் இருந்ததால் கோப்பி குடித்தேன். ரயில்நிலையக் கோப்பி விலைக்கு வீட்டில் ஒரு கிழமை குடிக்கலாம், போத்தலில் கொண்டு போங்கள்.

சூரிச்சிலிருந்து கட்டாயம் இடது பக்கம் இருங்கள். இரண்டு ஏரியும் அந்தப் பக்கம்தான். இரண்டாவது ஏரியின் தண்ணீரில் மலை அப்படியே தலைகீழாகக் கிடந்தது. "அங்க பாருங்கோ" என்று சொல்ல வாய் எடுத்தேன். எதிர் ஆசனத்தில் என் கைப்பைதான் இருந்தது. என்னுடைய மனுசன் போய் ஆறு வருடம். வாய்க்கு இன்னும் அது தெரியாது.

லாண்ட்குவார்ட்டில் சிவப்புச் சின்ன ரயில். மாற ஆறு நிமிடம்தான், ஆனால் எதிர் மேடை, பயப்படத் தேவையில்லை. ரிக்கற் பார்க்க வந்த பெட்டை என்னைப் பார்த்து, தனியாகவா என்று கேட்டாள். தனியாகத்தான் என்றேன். நல்ல பயணம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று காலையிலிருந்து பின்னேரம் வரை ரயிலில் என்னோடு கதைத்த ஒரே ஆள் அவள்.

டாவோஸ் எனக்குப் புதிய இடம் இல்லை. முப்பத்தாறு வருடத்துக்கு முதல் பிள்ளைகளோடு நான் வந்து இறங்கியதே இங்கேதான். மனுசன் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். நான் இன்னொரு ஹோட்டலில் விரிப்பும் துவாயும் தோய்த்தேன். ஈர விரிப்பு ஒரு கூடை என்றால் ஒரு பிள்ளையின் பாரம். அதைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வரும்.

நிலையத்திலிருந்து பெரிய தெருவால் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் அந்தப் பழைய டாக்குத்தரின் வீடு. இப்போது அங்கே பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். எதிரே பஸ் தரிப்பிடத்தில் வாங்கு இருக்கிறது. மேலே மலை நுனியில் மட்டும் புதுப் பனி. அந்த வாங்கில் இருந்து கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டேன்.

இனிக் கதை. வாசுகி பிறந்தது ஊரை விட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில். மருத்துவமாது இல்லை. பிறந்த நாலாம் நாள் குடத்தில் தண்ணீர் தூக்கினேன். அதிலிருந்து கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. நடந்தால், இருமினால், பாரம் தூக்கினால் வெளியே தெரியும். இங்கே வந்த பிறகு ஒருநாள் தாங்கேலாமல் டாக்குத்தரிடம் போனேன். எங்களில் எல்லாரும் அப்போது செய்ததைத்தான் நானும் செய்தேன். பள்ளிக்கூடத்தில் டொச், அதுதான் ஜெர்மன் மொழி, படித்திருந்த பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போனேன். சுதனுக்குப் பன்னிரண்டு வயது. டாக்குத்தர் கேட்டார், சுதன் என் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்துக்கு எப்படிச் சொல்வது? வயிற்றுக்குத்து என்றேன். அவன் "பௌஹ்வே" என்றான். துளி மருந்து எழுதித் தந்தார்கள்.

வாங்கில் இருந்து பார்த்தபோது ஒன்று விளங்கியது. சாம்பவி வன்னியில் வெளியே அனுப்புவது புருசனையும் மாமியாரையும். என்னுடைய அறையில் இருந்தது நானே கையில் பிடித்துக் கூட்டிப்போன பிள்ளை. மணி 11.40. அவள் பேசுவது இரண்டு மணிக்கு. போனை எடுத்தேன்.

"எங்க நிக்கிறியள் அம்மா? பஸ் சத்தம் கேக்குது" என்றான் சுதன்.

"டாவோஸில."

"டாவோஸிலயோ? தனியவோ? சொல்லியிருந்தா லீவு போட்டிருப்பன்."

"அதுக்குத்தான் சொல்லேல்லை. சுதன், இங்க டாக்குத்தரிட்ட நீ எனக்காகக் கதைச்சது ஞாபகம் இருக்கோ?"

"ஓம். வயித்துக்குத்து எண்டு. எனக்கு ஒரு கரமெல் இனிப்புத் தந்தவர்."

"அது வயித்துக்குத்து இல்லை, அப்பன்."

மேலே எழுதியதை அவனுக்குச் சொன்னேன். இவ்வளவு நீட்டவில்லை, நாலே வசனம். முகம் தெரியாதபடியால் சொல்ல முடிந்தது.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ அம்மா?"

"நீ ஒரு எழுத்தும் பிழையாச் சொல்லேல்லை. நான்தான் உனக்கு மாத்திச் சொன்னனான்."

"எத்தினை வரியம் அப்பிடி?"

"பீலுக்கு வந்து ஒப்பரேசன் செய்யுமட்டும். பதினொண்டு."

"அது பித்தக்கல்லு எண்டெல்லோ சொன்னியள்."

"ஓம். அதுவும் பொய்தான்."

"சரி அம்மா. இடைவேளை முடியுது. வைக்கிறன்."

சாம்பவி சொல்லலாமோ என்று அவனிடம் கேட்கத்தான் எடுத்தேன். அவன் வைத்த பிறகுதான் கேட்காமல் விட்டது தெரிந்தது. திரும்ப எடுக்க விரல் போனது, எடுக்கவில்லை. பாரம் சுமந்த உடம்பு என்னுடையது. அதற்கு மகனிடம் அனுமதி கேட்டால், சாம்பவி வாங்கில் இருத்துகிற ஆட்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

கூட்டம் நடந்த ஹோட்டலுக்கு 3-ஆம் இலக்க பஸ் போகும் என்று ஒருவர் சொன்னார், நான் நடந்தே போனேன். வாசலில் சாம்பவி கழுத்தில் பெயர் அட்டையோடு ஓடி வந்தாள்.

"எலும்பாப் போனாய். அங்க சாப்பாடு தருகினமோ இல்லையோ?"

"உங்களைவிட நல்லாச் சாப்பிடுறன். ஆரோட வந்தனீங்கள்?"

"என்னோடதான். அந்த வயித்துக்குத்தைச் சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். "அப்பா?"

"கொப்பருக்கு இப்பதான் சொன்னனான்."

"என்ன சொன்னவர்?"

"இடைவேளை முடிஞ்சுதாம்."

சிரிக்கவா அழவா என்று அவளுக்குத் தெரியவில்லை. பேனையை எடுத்து, சுவரில் கடதாசியை வைத்து என்னவோ எழுதினாள். அதோடு அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் ஒன்றாக இருந்தது பதினெட்டு நிமிடம்.

கடைசி வரிசையில் இருந்தேன். என்னுடைய டொச் விரிப்பு, துவாய், கெதியாய், நன்றி என்ற அளவில் நின்றது. அவள் பேசியது அதற்கு மேலே எங்கேயோ. படங்கள் மட்டும் விளங்கின. வாங்கில் பிரஷர் பட்டி சுற்றிய ஆம்பிளைகளின் படம் வந்தபோது மண்டபம் சிரித்தது. அடுத்து ஒரு நீலக் கதவு, சாத்தியபடி. பிறகு படம் ஒன்றும் இல்லை. சாம்பவி மெதுவாகக் கதைத்தாள். அதில் ஒரு சொல் எனக்கு விளங்கியது. பௌஹ்வே.

பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, பையிலிருந்து ஒரு இனிப்பு எடுத்துத் தந்தாள். அது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவும் எனக்கு மொழி இல்லை. இனிப்பை வாங்கி வாயில் போட்டேன்.

முடிந்ததும் அவளைச் சுற்றி ஒரே ஆட்கள். தூரத்திலிருந்து கை காட்டினாள், நானும் காட்டினேன். 16.02 ரயில் பிடித்தேன். திரும்பும்போது ஏரி வலது பக்கம் வரும், மறக்க வேண்டாம். நான் மறந்து மற்றப் பக்கம் இருந்து மலைச் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பீலுக்கு 19.43. வீட்டில் காலையில் குடித்த கோப்பை அப்படியே இருந்தது.

சுதன் ஒன்பது நாள் போன் எடுக்கவில்லை. பத்தாம் நாள் என்னுடைய வருடாந்தப் பரிசோதனை. வழமையாக என்னோடு உள்ளே வந்து எனக்காகக் கதைக்கிறவன் அவன்தான். அன்றைக்கும் காரோடு வந்து நின்றான். டாக்குத்தர் கூப்பிட்டபோது எழும்பவில்லை.

"போனில மொழிபெயர்க்கிற பொம்பிளையை ஒழுங்குபடுத்தச் சொல்லியிருக்கிறன். நீங்கள் போங்கோ அம்மா" என்றான். நான் உள்ளே போனதும் வெளியிலிருந்து கதவை அவனே சாத்தினான். இதை எழுதியதும் அவனுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். "போடுங்கோ" என்றான்.

வாசிக்கிற அக்கா தங்கச்சிமாருக்கு: டாவோஸுக்கு ஒருநாள் போதும். குதிகால் தட்டையான சப்பாத்துப் போடுங்கள். கோடையிலும் ஒரு சுவெட்டர் வேண்டும். டாக்குத்தரிடம் போவதற்கு முதல், தமிழ் பேசும் பெண் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும் என்று கேளுங்கள். பல இடங்களில் போனிலேயே எடுத்துத் தருவார்கள். அந்த ஒப்பரேசனுக்கு முதல் பீலில் எனக்கு அப்படித்தான் ஒரு குரல் மேசைப் போனில் இருந்து கதைத்தது. அந்தப் பிள்ளையின் முகத்தை இன்றுவரை கண்டதில்லை. பதினொரு வருடமாகச் சொல்லாததை அந்தக் குரலுக்கு ஐந்து நிமிடத்தில் சொன்னேன். பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள்.

சாம்பவி, இதை நீ வாசிப்பாய். என் அலுமாரியில் நிற்கிற படத்தில் உனக்கு இன்னும் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறது. புதுப் படம் ஒன்று தபாலில் போடு, அம்மா. போனில் அனுப்பாதே, அது இரண்டு நாளில் மேலே ஏறி எங்கேயோ போய்விடுகிறது. அந்த நீலக் கதவுக்கு முன்னால் நின்று எடு. உள்ளே ஒருத்தி கதைத்துக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து, கதவு சாத்தியிருக்கும்போது எடு.