நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் மணல்

எண்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தேன். சிவில் டிப்ளமோ முடித்திருந்தேன். டெண்டருக்கு எஸ்டிமேட் போடுவது என் வேலை. முதலாளி எட்டாவதோடு படிப்பை விட்டவர். ஆனால் அஸ்திவாரக் குழியைப் பார்த்தே எத்தனை லோடு ஜல்லி வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

அந்த வருடம் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்காகப் பின்னறையில் ஏசி மாட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எஸ்டிமேட் போடவும் வேலையைத் திட்டமிடவும் ஒரு புரோகிராம் தேவைப்பட்டது. எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்.

"எனக்கு அதெல்லாம் புரியாதுப்பா. நீ எத சொல்றியோ அதையே வாங்கிக்கலாம்" என்றார்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று மெட்ராஸ் கம்பெனி. எந்தத் தேதியில் அஸ்திவாரம், எந்தத் தேதியில் சென்ட்ரிங் என்று கோடு கோடாக அச்சடித்துக் காட்டினார்கள். புரோகிராமை வாங்கினால் எனக்கு மெட்ராசில் பதினைந்து நாள் பயிற்சி, முடிவில் ஒரு சர்டிபிகேட்.

இன்னொருவர் பாண்டிச்சேரியிலிருந்து வந்த தனி ஆள். கணக்கு வாத்தியார். புரோகிராமை அவரே எழுதியிருந்தார். மழை நாள் என்பதால் பிளாப்பிகளை எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அவருடைய புரோகிராமில் படமெல்லாம் கிடையாது. கேள்விதான் கேட்கும். மணல் எங்கிருந்து வருகிறது, எத்தனை கிலோமீட்டர், ஜல்லி எந்தக் குவாரி. நாங்கள் கையால் கணக்குப் போடும்போது கேட்டுக்கொள்ளும் அதே கேள்விகள். மெட்ராஸ் புரோகிராம் தூரத்தைக் கேட்கவே இல்லை.

சோதித்துப் பார்க்க, வளவனூரில் நாங்கள் கட்டி முடித்திருந்த ஒரு நெல் குடோனை எடுத்துக்கொண்டோம். அதன் உண்மையான செலவு எங்களுக்குத் தெரியும். இரண்டிலும் விவரங்களை நானே அடித்தேன். மெட்ராஸ் கணக்கு ஓரளவு பக்கத்தில் வந்தது. பாண்டிச்சேரிக்காரருடையது எங்கேயோ போய் நின்றது. அவர் முகம் சுண்டிவிட்டது. கடைசி பஸ்ஸுக்கு நேரமானதால் பிளாப்பிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போன பிறகு பிரிண்டரிலிருந்து பிரிண்டைக் கிழித்து மடித்தபோதுதான் பார்த்தேன். பெண்ணையாற்று மணலுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று அடிக்கவேண்டிய இடத்தில் நூற்றுப் பன்னிரண்டு என்றிருந்தது. ஒன்றை இரண்டு முறை அழுத்தியிருக்கிறேன். சரியான தூரத்தை வைத்துக் கையால் போட்டுப் பார்த்தேன். குடோனின் உண்மையான செலவோடு ஏறக்குறைய ஒட்டி வந்தது.

மறுநாள் காலை முதலாளி கேட்டார். "இன்னாப்பா, எது தேறுச்சு?"

"பாண்டிச்சேரி புரோகிராம்ல கணக்கு ஒத்துவரலிங்க. மெட்ராஸ் புரோகிராமே வாங்கிடலாம்."

வேறெதையும் அவர் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து பாண்டிச்சேரிக்காரர் வந்தார். வாசலிலேயே நிறுத்தி, கணக்கு ஒத்துவரவில்லை, மெட்ராஸ் புரோகிராமை வாங்குகிறோம் என்று சொன்னேன். "அந்த பிரிண்ட மட்டும் ஒருதடவ பாக்கலாங்களா? எங்க தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்குவேன்" என்றார். முதலாளியிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது என் மேஜை டிராயரில் இருந்தது.

மெட்ராஸ் போனேன். சர்டிபிகேட் வாங்கினேன். திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு எஸ்டிமேட்டிலும் மணல், ஜல்லி வண்டிக்கூலியை நானே தனியாகப் போட்டுச் சேர்த்தேன். கம்ப்யூட்டரே போட்டது என்று முதலாளி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வருடம் கழிந்திருக்கும். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டப வேலை. சைட்டிலிருந்து திரும்ப பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். "சார், நல்லா இருக்கீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். அவரேதான்.

புரோகிராம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்கங்க போறது? உங்க ஆபீஸ்ல வந்த தப்ப இன்னும் தேடிக்கினுதான் இருக்கேன். லைன் லைனா பாத்துட்டேன், ஆப்டவே இல்ல. தப்பு இருக்குற சாமான யாருகிட்டங்க காட்டுறது? அதுக்கப்புறம் யாருகிட்டயும் எடுத்துக்கினு போவல."

சொன்னேன். மணல் தூரத்தைத் தப்பாக அடித்துவிட்டேன், பன்னிரண்டுக்குப் பதிலாக நூற்றுப் பன்னிரண்டு. அன்றே அது எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். "அப்ப என் புரோகிராம் சரியாத்தான் இருந்துதா?" என்றார். முகம் அப்படி மலர்ந்தது. கையைப் பிடித்துக்கொண்டார். "கை தவறுறது சகஜம்ங்க. நீங்க இன்னா வேணும்னேவா பண்ணீங்க?"

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

பாண்டிச்சேரி பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "உங்க மொதலாளிகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் ஏமாத்தற ஆளு இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

சொல்லவில்லை. நாளை, அடுத்த வாரம், இந்த டெண்டர் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். சொன்னால் டிராயரிலிருந்த பிரிண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த சர்டிபிகேட்டை வைத்தே மெட்ராசில் எனக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று முதலாளி மாலை போட்டு, முதுகில் தட்டிக்கொடுத்தார். "ரெண்டு புரோகிராம்ல நல்லதா பாத்து எடுத்துக் குடுத்தப்பா. நானா இருந்தா அந்தப் பாண்டிச்சேரிக்காரன்கிட்ட ஏமாந்திருப்பேன்" என்றார்.

ஆபீசில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் சிரித்தேன்.