ஒரு பாட்டிலுக்கு மூணேகால் மைல்

முள் ஆடுற எதைக் கண்டாலும் எங்க வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. தூத்துக்குடி புதுத் துறைமுகத்துல கிரேன் எஞ்சின் பார்க்கிற போர்மேன் அவரு. பகல் பூரா மீட்டரைப் பார்த்துட்டு வர்ற மனுஷன் சாயங்காலம் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பாருன்னுதான் நானும் நினைச்சு கழுத்தை நீட்டினேன். அவரு நேரா கார்ல போய் உக்காந்துக்குவாரு. யாரோ ஒரு உப்பளத்துக்காரர் வேண்டாம்னு கழிச்சுவிட்ட கிழட்டுக் காரு அது. வாங்கும்போது அதுல ஒரே ஒரு மீட்டர்தான் வேலை செஞ்சுது. ஒரு வருஷத்துல அதை ஆறு ஆக்கிட்டாரு. எண்ணெய் அழுத்தத்துக்கு ஒண்ணு, தண்ணிச் சூட்டுக்கு ஒண்ணு, பேட்டரிக்கு ஒண்ணு. மிச்சம் எதுக்குன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. எல்லாம் பழைய கப்பல் சாமான் விக்கிற கடையில பொறுக்கினது, ஒவ்வொண்ணும் குழம்புக் கிண்ணம் அகலத்துக்கு இருக்கும்.

ரோட்டைப் பார்த்து ஓட்டுறவரு முள்ளையும் பார்க்க முடியுமா? அதுக்குத்தான் பக்கத்துல நான். கப்பல் எஞ்சின் ரூம்ல ஒருத்தன் கேக்க இன்னொருத்தன் சொல்லணுமாமே, அந்தக் கூத்தை எங்க கார்லயும் நடத்தினாரு.

"ஆயில்?"

"நாப்பது."

"சூடு?"

"எழுவத்தெட்டு."

"சத்தமா சொல்லுளா."

கல்யாணமாகி மூணு வருஷத்துல கார்ல நாங்க பேசிக்கிட்ட பேச்சு இவ்வளவுதான். ஒருநாள் "சூடு?"ன்னாரு. "எனக்கா, வண்டிக்கா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் கூட சிரிக்காம "வண்டிக்கு"ன்னாரு. இந்த ஆளோட என்ன சண்டை போட?

பெட்ரோல் விலை தடாலடியா ஏறின வருஷம் இது இன்னும் முத்திப் போச்சு. வண்டி எவ்வளவு குடிக்குதுன்னு ஓடும்போதே கண்ணால பார்க்கணும்னு ஆசை வந்துட்டுது. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துற கண்ணாடி பாட்டில் ஒண்ணு எங்கிருந்தோ கொண்டுவந்தாரு. பக்கவாட்டுல கோடு கோடா அளவு போட்டிருக்கும் பாருங்க, அதுல மயங்கிட்டாரு. அதுல பெட்ரோலை ஊத்தி, ரப்பர் டியூபை ஜன்னல் வழியா விட்டு, பானெட்டுக்கு அடியில கார்புரேட்டர்ல சொருகிட்டாரு. டேங்கே வேண்டாம், பாட்டிலை உசத்திப் பிடிச்சா போதும், வண்டி ஓடும். கொக்கியில மாட்டினா ஆடுது, கோடு தெரியலன்னாரு. அப்ப யார் பிடிக்க? கேக்கணுமா!

இந்தக் கூத்தெல்லாம் கடற்கரை ரோட்டுல சாயங்காலம் ஒரு சுத்து சுத்தும்போது நடந்தா, தலையில அடிச்சுக்கிட்டு விட்டிருப்பேன். என் வேலைக்கான இன்டர்வியூ அன்னைக்கா நடக்கணும்?

ஏழு வருஷமா நான் லீவு வேகன்சி டீச்சர். எந்த டீச்சராவது பிள்ளை பெறப் போனா என்னைக் கூப்பிடுவாங்க. அவங்க பிள்ளைக்குப் பேர் வச்சுட்டுத் திரும்பி வந்ததும், நான் சாக்பீஸைக் கீழ வச்சுட்டு வீட்டுக்கு வரணும். கணக்கு நல்லா நடத்துறேன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நிரந்தரமா மட்டும் எவனும் எடுக்க மாட்டான். அந்த வருஷம் நாசரேத்துப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அது தப்பிப்போனா எனக்கு வயசு வரம்பு தாண்டிரும், அப்புறம் ஆயுசுக்கும் வீட்டுல அடுப்புதான். காலையில பத்து மணிக்கு இன்டர்வியூ.

நான் ஆறரை பஸ்ஸுக்குப் போறேன்னேன். "சேலை கசங்கிரும், கார்ல கொண்டு விடுதேன்"னாரு. கர்த்தரே, இவருக்கும் இப்படி ஒரு கரிசனமான்னு எனக்குக் கண்ணே கலங்கிட்டுது. பஸ்ஸை விட்டுட்டு ஏழரை மணிக்கு வாசலுக்கு வந்தா, கார்ல டேங்கைக் காணோம். ஒழுகுதுன்னு ராத்திரியே கழட்டி, வெள்ளை வேட்டியில சுத்தி, உருளாம இருக்க ரெண்டு தலையணை அண்டக்குடுத்து, பின் சீட்டுல நீளவாக்குல படுக்க வச்சிருக்காரு. நாசரேத்துல ஒரு ஆளுதான் அதை ஒழுங்கா பத்தவைப்பானாம். என் சேலைக்காக இல்ல, டேங்குக்காகத்தான் அந்தக் கரிசனம்!

"அப்ப வண்டி எதுல ஓடும்?"னு கேட்டேன்.

பாட்டிலை என் கையில குடுத்தாரு.

தூத்துக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்துல போற தூரம். ஆனா ஒரு பாட்டில் மூணேகால் மைலுக்குத்தான் வரும். பாட்டில் தீரவும் வண்டி நிக்கும். அவரு இறங்கி, டிக்கியில வச்சிருக்கிற கேன்ல இருந்து புனல் வச்சு நிறைச்சு, மைல் மீட்டரைக் குறிச்சு, பிளக்கைத் தொட்டுப் பார்த்து, வானத்தைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டுட்டு, அப்புறம் ஏறுவாரு. நாலாவது பாட்டிலுக்கே எனக்குக் கை மரத்துப் போச்சு. கார் பூரா பெட்ரோல் புகை, கண்ணுலயும் மூக்குலயும் தாரை தாரையா ஊத்துது. வாயைத் திறந்து திட்டலாம்னா "கோடு எங்க நிக்கு?"ன்னு கேக்காரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "நூத்தம்பது"ன்னேன்.

அப்பல்லாம் பெட்ரோலுக்குச் சாயம் போட்டு விப்பாங்க. பாட்டில்ல பார்த்தா நல்ல செவப்பா இருக்கும். இதை நான் முன்னாலேயே யோசிச்சிருக்கணும்.

ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போது எதிர்ல வந்த மாட்டுவண்டிக்காரர் தலைத்துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஒதுங்கி நின்னாரு. ஒரு லாரி ஓரங்கட்டி எங்களுக்கு வழிவிட்டுது. "பாத்தியா, வண்டிக்கு என்ன மரியாதை"ன்னாரு இவரு. ஆழ்வார்திருநகரி ரயில்வே கேட்டு சாத்தியிருந்துது. எங்களுக்கு முன்னால நாசரேத் போற பஸ் ஒண்ணு நிக்குது. அப்பவே மணி ஒன்பதேமுக்கால். எனக்கு உயிரே வந்துட்டுது. இதுல ஏறிட்டா பத்து நிமிஷத்துல போயிரலாம்! பாட்டிலை யார்கிட்டயாவது குடுக்கணுமே? ஜன்னலோரம் நின்ன ஒரு மனுஷர்கிட்ட, "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பிடிங்க"ன்னு நீட்டினேன். அவரு பாட்டிலைப் பார்த்தாரு, பின் சீட்டைப் பார்த்தாரு, ரெண்டடி பின்னால போனாரு.

"ஐயோ தாயி, ரத்தத்தைப் பார்த்தா எனக்குத் தலை சுத்தும்."

"ரத்தம் இல்லண்ணாச்சி, பெட்ரோல்!"

"துக்கத்துல பேசுது பாவம்"னு பக்கத்துல நின்ன ஒரு அம்மா உச்சுக்கொட்டினாவ. பஸ்ஸுல இருந்து தலை தலையா எட்டிப் பார்க்காவ. அதுல ஒரு தலை, எங்க பிறந்த வீட்டுக் கோயில்ல பைபிள் பாடம் எடுக்கிற உபதேசியார், என் இன்டர்வியூ விஷயம் தெரிஞ்சவரு. அவரு என் அழுத முகத்தைப் பார்த்தாரு, பாட்டிலைப் பார்த்தாரு, வேட்டி சுத்தின உருவத்தைப் பார்த்தாரு. எங்க மாமியார் கொஞ்சம் பாரியான உடம்பு. "யம்மா, மாமியாருக்கா?"ன்னு கத்தினாரு. நான் "இல்ல"ன்னு கத்துறதுக்குள்ள ரயில் வந்து தடதடன்னு என் சத்தத்தை முழுங்கிட்டுது. கேட்டு திறந்துது, பஸ் பறந்துட்டுது. எங்க பாட்டில் தீந்துட்டுது.

இவரு நிதானமா இறங்கி புனலைத் தேடுதாரு. "யத்தான், என் வாழ்க்கையே போகுது!"ன்னு ரோட்டுல நின்னு கத்தினேன். "மூணே முக்கால் கிடைச்சிருக்குளா இந்த ரவுண்டுல"ன்னாரு. வெட்டிப் போட்டா என்னன்னு இருந்துச்சு.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது பத்தே முக்கால். மத்தவங்க எல்லாரும் முடிச்சுட்டுப் போயிட்டாங்க. போச்சு, எல்லாம் போச்சுன்னு ஓடினேன். கமிட்டி அறையில மூணு பேரும் எழுந்து கண்ணை மூடி நிக்காங்க. தாளாளர் ஜெபம் பண்ணுதாரு: "ஆண்டவரே, இந்த மகளுடைய மாமியாரைக் காத்தருளும். மரணப் படுக்கையில் கிடக்கிறவருக்காகச் சொட்டு ரத்தம் சிந்தாமல் பாட்டிலை உயர்த்திப் பிடித்து வருகிற இந்த மருமகளின் அன்பை நினைத்தருளும்." பஸ்ஸுல முந்தி வந்து உபதேசியார் வேலையை முடிச்சுட்டாரு. எனக்காகக் காத்திருக்காங்க! என் பேருக்கு நேரே டிக் போட்டிருக்கிறது மேசையில தலைகீழா தெரியுது.

ஒரு ஆமென் சொன்னா வேலை என் கையில. நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுது. ஆனா வீட்டுல நல்லா இருக்கிற கிழவியைச் சாகக் கிடக்கான்னு சொல்லி வேலைக்குச் சேர்ந்தா, ரிட்டயர் ஆகிற வரைக்கும் எத்தனை பேர்கிட்ட பொய் சொல்லணும்? தினமும் விசாரிப்பாங்களே!

"ஐயா, எங்க மாமியார் இன்னைக்குக் காலையில ஆறு இட்லி சாப்பிட்டாவ"ன்னு போட்டு உடைச்சேன். "பின் சீட்டுல படுத்திருக்கிறது பெட்ரோல் டேங்கு."

ஒருத்தருக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்து மேசையில கவுந்துட்டாரு. இன்னொருத்தரு முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது: "நேரத்துக்கு வரத் தெரியாதவங்க பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக்குடுப்பாங்க?" தாளாளர் சிரிக்கவும் இல்ல, கோவப்படவும் இல்ல.

"தூத்துக்குடியிலிருந்தா பிடிச்சுக்கிட்டு வந்தீங்க? எங்கயாவது கீழ வச்சிருக்கலாமே."

"வச்சா வண்டி நின்னுரும்யா."

"சரி, வந்தது வந்தீங்க. ஒரு கணக்கு நடத்துங்க"ன்னு தாளாளர் சாக்பீஸை நீட்டினாரு. வலது கை தோளுக்கு மேல எழும்பல. வாயாலேயே நடத்தினேன். ஒரு பாட்டிலுக்கு மூணேகால் மைல்னா இருபத்தாறு மைலுக்கு எத்தனை பாட்டில்? மூணேகாலை எப்படி நாலால பெருக்கி முழுசாக்கணும், ஏன் ரெண்டு பக்கமும் பெருக்கணும்னு அந்தக் கோவத்துல வெளுத்து வாங்கினேன். எள்ளும் கொள்ளுமா இருந்தவரு விரலை மடக்கி "எட்டு"ன்னு முதல்ல சொல்லிட்டு வெக்கப்பட்டாரு.

தாளாளர் ரிஜிஸ்டரைத் திறந்து என் பக்கம் தள்ளினாரு. "கையெழுத்துப் போடுங்கம்மா. ஜூன்ல வந்து சேருங்க."

ஏழு வருஷம் இந்த ஒரு கையெழுத்துக் கோட்டுக்காக நாயா அலைஞ்சிருக்கேன். இப்ப பேனா விரல்ல நிக்கல. கை வெடவெடன்னு ஆடுது. இங்க் பொட்டு பொட்டா விழுது. அழுகை வந்துட்டுது. அந்த நேரம் பார்த்து ரேடியேட்டருக்குத் தண்ணி கேக்க ஒரு டின்னைத் தூக்கிக்கிட்டு இவரு வாசல்ல வந்து நின்னாரு. என்னைப் பார்த்தாரு. டின்னை வச்சுட்டு உள்ள வந்து, யாரையும் ஒரு வார்த்தை கேக்காம, என் முழங்கைக்கு அடியில ரெண்டு கையையும் குடுத்துத் தாங்கிப் பிடிச்சாரு.

"எழுதுளா."

"ஆடுது யத்தான்."

"ஆடாது. நான் பிடிச்சிருக்கேன்."

கோணல்மாணலா என் பேரை எழுதி முடிச்சேன். முடிஞ்சுதுன்னு நினைச்சு அவரு கையை எடுக்கப் போனாரு.

"விட்டுராதீங்க"ன்னேன். "இன்னும் பி.எஸ்ஸி., பி.எட். இருக்கு."