பழுப்பு நிறத்தில் ஒரு முதுகு

என் மனைவியின் தம்பியைத் தெருவில் எல்லோரும் 'பிலிம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் ஒரு பிலிம் சுருளைக்கூடக் கேமராவில் மாட்டி அறியாதவன். அவன் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் பிலிம் விற்ற கடைகள் எல்லாம் செல்போன் உறை விற்கும் கடைகளாகிவிட்டன. ஆனாலும் வாயைத் திறந்தால் பிலிம்தான். "அந்தக் காலத்து பிலிம்ல இருந்த உசிரு இதுல இல்ல அத்தான்" என்பான், ஏதோ அந்தக் காலத்தில் இவன்தான் இருட்டறையில் நின்று கழுவியவன் போல.

வயது முப்பத்திரண்டு. செல்போன் கடையில் பார்த்த வேலையை, கலைக்கு நேரமில்லை என்று விட்டான். மொட்டை மாடியை ஒட்டிய அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, இரண்டு திரைகளை வைத்து உட்கார்ந்துகொண்டான். சட்டைகூடச் சாம்பல் நிறம்தான். வேறு நிறம் போட்டால் அது திரையில் பட்டு நிறக்கணக்கைக் கெடுத்துவிடுமாம். இவ்வளவு கண்ணும் கருத்துமாக நிறத்தைப் பார்த்தவன் கடைசியில் செய்தது என்ன என்றால், எல்லாப் படத்தையும் பழுப்பாக்கியதுதான்.

அவன் கேமராவில் எடுப்பது ரா ஃபைல். கேமரா கண்டதை எல்லாம் சமைக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது. அதைக் கணினியில் போட்டு வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்து படமாக வெளியே எடுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் இவன் கைவரிசை. பழைய பிலிம்களைப் போலக் காட்டும் 'லுக்'குகள் நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தான். ஒரு சொடுக்கில் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும், சிவப்பு ஆரஞ்சாகும், வெள்ளை பாலேடு போல மஞ்சளாகும். அதன் மேல் மணல் தூவியது போல 'கிரெயின்' என்று ஒன்று. கேமராக்காரர்கள் பல வருடம் பாடுபட்டு ஒழித்த புள்ளிகளை இவன் தேடிப் பிடித்துத் திரும்ப ஒட்டினான்.

என் மகளின் பிறந்தநாள் படங்களைப் பார்த்து அவன் அக்காவே அலறிவிட்டாள்.

"என்னடா இது, என் பொண்ணுக்குக் காமாலையா?"

"அக்கா, அது டோன்."

"டோனாவது தேனாவது! புள்ளை ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மாதிரி இருக்கா."

"உனக்குப் புரியாதுக்கா. இதுல ஒரு ஞாபகம் இருக்கு."

குழந்தைக்கு ஆறு வயது. அதற்குள் என்ன ஞாபகம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பான்.

நான் ஒரு தோல் மருத்துவமனையில் பதிவேட்டு அறையில் வேலை பார்க்கிறேன். சின்ன மருத்துவமனை, ஒரே டாக்டர். கண்டிப்பான அம்மா. நோயாளிகளின் தோலை மாதாமாதம் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் படமெடுத்து வைத்து, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பது அவர் வழக்கம். படமெடுத்துக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். என் மனைவி பத்து நாள் என்னைத் தூங்கவிடவில்லை. "என் தம்பி சும்மாதானே இருக்கான், ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?" சொன்னேன். இந்தக் கதையில் என் பங்கு அதுதான், அதை நான் மறைக்கவில்லை.

டாக்டர் அவனை உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு சாம்பல் அட்டையை வைக்க வேண்டும். அந்த அட்டை சரியான சாம்பலாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்தால் தோலின் நிறமும் சரியாக இருக்கும். வேறு எதையும் தொடக்கூடாது. பிலிம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். வெளியே வந்ததும் என்னிடம், "டாக்டருக்கு ரசனை கொஞ்சம் கம்மி அத்தான்" என்றான்.

முதல் மாதமே படத்தின் ஓரத்திலிருந்து அட்டையை வெட்டி நீக்கிவிட்டான். படத்தின் அமைப்பைக் கெடுக்கிறதாம். பிறகு மொத்தப் படங்களுக்கும் ஒரே லுக்கைப் போட்டு என் அறைக்கு அனுப்பினான். பெயரும் எண்ணும் சரியா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதை மட்டும் பார்த்துக் கோப்பில் சேர்த்தேன்.

டாக்டர் படத்தையும் நோயாளியையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் அன்றே அவன் கதை முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் அவர் வீட்டுப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். இரண்டு மாதம் எழுந்திருக்கக் கூடாது. நோயாளிகள் வழக்கம்போல வந்து படமெடுத்துக்கொண்டு போவார்கள். டாக்டர் வீட்டிலிருந்தே கைக்கணினியில் படங்களைப் பார்த்து, யார் உடனே வேறு டாக்டரிடம் போக வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று எழுதி அனுப்புவார். அட்டை எங்கே என்று ஒருமுறை கேட்டார். "அடுத்த தடவை வெச்சிடறேன் டாக்டர்" என்று இவன் போனில் குழைந்தான். கால்வலியோடு இருந்தவர் விட்டுவிட்டார்.

அந்த இரண்டு மாதமும் எங்கள் மருத்துவமனையில் எல்லா நோயும் குணமாகிக்கொண்டே வந்தது. சிவந்து தடித்த முழங்கைகள் தேன் நிறத்துக்கு வந்தன. அரிப்பில் புண்ணான கழுத்துகள் மாலை வெயிலில் நிற்பவை போல மின்னின. புது மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டரே குறித்தார். பிலிமுக்குத் தலைகால் புரியவில்லை. "நோயாளின்னா அசிங்கமாத்தான் காட்டணுமா அத்தான்? அவங்களுக்கும் ஒரு கண்ணியம் வேணாமா?" என்று எனக்குப் பாடம் எடுத்தான்.

நோயாளிகளில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம். ஆறு மாதமாக டாக்டர் அதைக் கண்காணித்துவந்தார். இரண்டாம் மாதப் படத்தைப் பார்த்து, 'நிறம் குறைந்திருக்கிறது, அவசரமில்லை' என்று எழுதியனுப்பினார். அந்தச் சீட்டையும் படத்தின் பிரதியையும் நான்தான் டிரைவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் மனைவி என் ஜன்னல் முன்னால் வந்து நின்றார். சலவை நிலையம் ஒன்றில் வேலை செய்பவர். கையில் அந்தப் படம்.

"சார், இது யாரு முதுகு?"

"உங்க வீட்டுக்காரர் முதுகுதாம்மா. நம்பர் பாருங்க."

"நம்பரை நீங்க பாருங்க. நான் பனியனைப் பாக்கறேன்." படத்தில், தோளிலிருந்து இறக்கிவிட்ட பனியன் ஓரமாகத் தெரிந்தது. பழைய செய்தித்தாள் நிறம். "இருபது வருசமா வெள்ளைத் துணி துவைக்கிறேன் சார். என் கை பட்ட பனியன் இப்படியா இருக்கும்? அன்னிக்கு காலையில நான் வெளுத்துப் போட்டு அனுப்பினது. பனியன் இந்தக் கலர்ல இருக்குன்னா, மச்சம் மட்டும் எப்படி சரியான கலர்ல இருக்கும்?"

படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"தினம் அந்த முதுகுக்கு நான்தானே எண்ணெய் தடவறேன்? அது வெளுக்கவே இல்ல. கருகருன்னு ஆயிட்டு வருது. அந்த மனுசன் சீட்டைப் பாத்துட்டு, எல்லாம் சரியாப்போச்சுன்னு சந்தோசமா வண்டி ஓட்டப் போயிட்டாரு."

முந்தைய படக்காரர் எடுத்த பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் மருத்துவமனைச் சுவர் வெள்ளையாக இருந்தது. இவன் படத்தில் அதே சுவர் மஞ்சள் பூசிய மாதிரி இருந்தது. என் மகளின் முகத்தில் பார்த்த அதே காமாலை. தினமும் கையில் வாங்கிய படங்களில் இதை ஒருநாளும் நான் கவனிக்கவில்லை.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மச்சினன் வீட்டுப் படியேறினேன். அவன் ஒரு பூனையின் படத்துக்குக் கிரெயின் போட்டுக்கொண்டிருந்தான்.

"டிரைவரோட முதுகைத் திற" என்றேன்.

"எந்த டிரைவர் அத்தான்?"

எண்ணைச் சொன்னேன். திறந்தான்.

"இப்ப நீ போட்டிருக்கிற மேக்கப்பை எல்லாம் எடு."

"அத்தான், ரா ஃபைல் சப்புன்னு இருக்கும். அதை அப்படியே பாக்கக் கூடாது. நான் இதுக்குப் போட்டது ரொம்ப மென்மையான லுக்..."

"எடுறான்னா எடு!"

ஒரு சொடுக்கு. அவ்வளவுதான். பனியன் வெள்ளையானது. அதன் பக்கத்தில், தோலின் மேல், மச்சம் மை சிந்தியது போலக் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. கிரெயின் போனதும் அதன் ஓரமும் தெரிந்தது. கிழிந்த காகிதம் மாதிரி ஒழுங்கில்லாமல். கேமரா எல்லாவற்றையும் சரியாகத்தான் பார்த்திருந்தது. பொய் சொன்னது இவன் சொடுக்கு.

பிலிம் லுக்கைத் திரும்பப் போட்டான், மறுபடி எடுத்தான். "என் கலரைப் போட்டா இது தெரியலல்ல" என்றான். அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு மாதமாயிற்று.

அங்கிருந்தே டாக்டருக்குப் படத்தையும், டிரைவரின் மனைவி பனியனைப் பற்றிச் சொன்னதையும் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. டிரைவரைப் பணிமனையிலிருந்தே அழைத்துவரச் சொல்லி, பெரிய மருத்துவமனையில் அன்று மாலையே ஒரு டாக்டரை ஏற்பாடு செய்தார். மறுநாள் மச்சத்தை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தான், ஆனால் இன்னும் ஆழமாக இறங்கவில்லை என்றார்கள். எட்டு வாரத்தில் டிரைவர் மறுபடி வண்டி ஓட்டப் போனார்.

நான் படம் அனுப்பிய மறுநாளே டாக்டர் ஊன்றுகோலோடு மருத்துவமனைக்கு வந்திருந்தார். பிலிம் எழுந்து நின்று, நோயாளிகளின் கண்ணியம் என்று ஆரம்பித்தான்.

"தம்பி, அவங்களை அழகாக் காட்ட உங்களைக் கூப்பிடல. இருக்கிறதைக் காட்டக் கூப்பிட்டேன். அது உங்களால முடியல. உங்களைவிட, பனியனைப் பாத்த அந்த அம்மாவோட கண்ணு நல்லா இருக்கு. நானூத்துப் பன்னெண்டு படம் இருக்கு. எல்லாத்தையும் இங்க உக்காந்து சரிபண்ணிக் கொடுத்துட்டுப் போங்க."

தன் பங்குக்கு, அட்டை இல்லாத படத்தைப் பார்த்து முடிவெடுத்தது தன் தப்பு என்றும் சொன்னார். டிரைவரின் மனைவியிடம் நேரிலேயே சொன்னார். பிலிம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நான்கு நாள் என் அறையில், எனக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்தான். நான் எண்ணைப் படிப்பேன். அவன் லுக்கை எடுத்துவிட்டுப் படத்தை வெளியே எடுப்பான். தேன் நிறம் ஒவ்வொன்றாக உரிந்து, வெடித்த விரல்களும் சீழ் கோத்த கன்னங்களும் வந்தன. இரண்டாம் நாள் ஒரு குழந்தையின் கால்கள். அவன் லுக்கில் ஒரே சீராக இருந்த தோலில் இப்போது வெள்ளைத் திட்டுகள் முழங்காலிலிருந்து பாதம் வரை தெரிந்தன.

கை நின்றுவிட்டது. "அத்தான், இந்தக் குழந்தைக்கு இவ்ளோ இடத்துல இருந்துச்சா?"

"நீதானடா எடுத்தே."

"எடுத்தேன்" என்றான். "பாக்கல."

அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. இவன்கூட மனுஷன்தான் போலிருக்கிறது என்று எனக்கே தோன்றியது. அந்த எண்ணம் மறுநாள் காலை வரை நிலைத்தது. உள்ளே வந்ததும் என் அறையின் அழுக்குச் சுவரைப் பார்த்து, "இந்தப் பச்சை செம டோன் அத்தான்" என்றான்.

படங்கள் சரியானதும் டாக்டர் இன்னும் மூன்று பேரை அவசரமாக வரச் சொன்னார். பிலிமைப் போகச் சொல்லிவிட்டார்.

இப்போது அவன் விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுக்கிறான். சுவரில் ஈரம் ஊறியிருந்தாலும் வெயில் விழுந்தது போலக் காட்டத் தெரிந்தவனுக்கு அங்கே நல்ல மரியாதை. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்தவன், கைகழுவும்போது என்னை ஓரமாக அழைத்தான்.

"டாக்டர் என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா அத்தான்?"

"இல்ல" என்றேன். அவனுக்காகப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கேட்கவே இல்லை.